கோட் எடிட்டரில் தமிழ் உடைந்தால்: ஃபொன்டை மாற்றுவதா, எடிட்டரை மாற்றுவதா?

வன்னியில் கோட் எழுதுகிறவர்களுக்குத் தமிழ் எழுத்தைத் தொடாமல் ஒரு வேலையும் முடிவதில்லை. அறிவியல் நகரிலோ பம்பைமடுவிலோ இறுதியாண்டுச் செயற்றிட்டம் செய்கிற மாணவராக இருக்கட்டும், கமக்காரர் அமைப்புக்கு நெல் கணக்குச் செயலி செய்து கொடுக்கிறவராக இருக்கட்டும், திரையில் வரும் சொற்கள் தமிழில் வேண்டும். பல வேளைகளில் சிங்களமும் சேர்ந்தே வேண்டும். செயலி கைப்பேசியில் ஒழுங்காகக் காட்டும். அதை எழுதுகிற எடிட்டரில்தான் எழுத்துகள் பெட்டி பெட்டியாக நிற்கும். உடனே பக்கத்துக் கதிரையில் இருப்பவர் சொல்வது, “வேற ஃபொன்ட் போட்டுப் பாருங்கோ.”

அது ஒரு வழி. இன்னும் மூன்று இருக்கின்றன: எதையும் தொடாமல் கணினியையே பார்த்துக்கொள்ள விடுவது, எடிட்டரையே மாற்றுவது, தமிழைக் கோட்டுக்குள் வராமலே பண்ணிவிடுவது. நான்குக்கும் ஆதரவாளர்கள் உண்டு. ஆனால் ஒப்பிடுமுன் எழுத்து எப்படி உடைந்திருக்கிறது என்று பார்க்கவேண்டும். பாதிப் பிரச்சினைகளில் ஃபொன்டுக்குச் சம்பந்தமே இல்லை.

உடைந்த விதம்

வெற்றுப் பெட்டிகள் வந்தால் அது ஃபொன்ட் பிரச்சினைதான். கன்சோலாஸ், கூரியர் நியூ, ஜெட்பிரெய்ன்ஸ் மோனோ என்று கோட் எழுதப் பயன்படுத்தும் எழுத்துருக்களில் தமிழே கிடையாது. வேறொரு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கித்தான் காட்டவேண்டும். கடன் கிடைக்காவிட்டால் பெட்டி.

தலையில் கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ஏ, அதையடுத்து வட்டத்துக்குள் ஆர், பிறகு ஏதோ ஒரு குறி, இதே வரிசை திரும்பத் திரும்ப வந்தால் ஃபொன்டைக் குறை சொல்லாதீர்கள். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறியேற்ற முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். அந்த மூன்றையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்தாக எடிட்டர் வாசித்திருக்கிறது, அவ்வளவுதான். கோப்பு நன்றாகவே இருக்கிறது. விஎஸ் கோட் எடிட்டரில் கீழ்ப்பட்டையில் குறியேற்றத்தின் பெயர் தெரியும். அதைச் சொடுக்கி, மீண்டும் திறக்கும் தெரிவில் யூடிஎஃப்-8 கொடுத்தால் சரி. அதே இடத்தில் ‘இந்தக் குறியேற்றத்தில் சேமி’ என்ற தெரிவும் பக்கத்திலேயே இருக்கிறது. குப்பை தெரியும்போது அதை அழுத்தினால் குப்பையே கோப்பாகிவிடும். கவனம்.

வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தால் நிலைமை மோசம். சேமித்தபோதே எழுத்து போய்விட்டது. எந்த ஃபொன்டும் திருப்பித் தராது. இது பெரும்பாலும் எக்செலிலிருந்து வருகிறது. விவசாயிகள் பட்டியலைச் சாதாரண சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக, சேமித்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறி ஆகும். ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று தனியாக ஒரு தெரிவு இருக்கிறது, அதைத்தான் எடுக்கவேண்டும். பழைய நோட்பேடும் இப்படித்தான். 2019இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்புக்குப் பிறகே அது யூடிஎஃப்-8ஐ இயல்பாக எடுக்கத் தொடங்கியது.

அப்புறம் நம் ஊருக்கே உரிய வகை ஒன்று: பாமினி. வீதியோரக் கொமினிகேஷன் கடைகளில் ரைப் செய்து தரும் ஆவணம் இன்றைக்கும் பாமினியில் வரக்கூடும். அதை எடிட்டரில் ஒட்டினால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் வரும். அது உடைந்த தமிழ் இல்லை. உள்ளே இருப்பதே ஆங்கில எழுத்துதான், பாமினி அதற்குத் தமிழ் முகம் போட்டுக் காட்டுகிறது. எடிட்டரின் ஃபொன்டைப் பாமினி ஆக்கினால் தீர்ந்ததே என்று ஒருவர் யோசிக்கலாம். ஆக்கிப் பாருங்கள்: பாமினியில் அரைப்புள்ளிக் குறியின் இடத்தில் மெய்யெழுத்துப் புள்ளி இருக்கிறது, ஆகவே ஜாவா கோட்டின் ஒவ்வொரு வரியும் ஒரு புள்ளியில் முடியும். சிரிக்கலாம், வேலை செய்யமுடியாது. யூனிகோட் மாற்றியில் ஒரு தடவை போட்டு எடுப்பதே ஒரே வழி.

இவற்றை ஒதுக்கியபின் மிச்சம் இருப்பவைதான் காட்டும் பிரச்சினைகள்: பெட்டி, இடம் மாறிய கொம்பு, வெட்டுப்பட்ட தலை அல்லது கால், தப்பான இடத்தில் நிற்கும் கேர்சர்.

சும்மா விடுவது

விண்டோஸ் 8இலிருந்து நிர்மலா யூஐ என்ற எழுத்துரு கூடவே வருகிறது. தமிழும் சிங்களமும் அதில் இருப்பதால் புதிய கணினியில் எதுவும் செய்யாமலே விஎஸ் கோட் தமிழைக் காட்டிவிடும். ஒரு கணினி, ஒரு ஆள் என்றால் இது போதும்.

குழுவாக வேலை செய்தால் போதாது. ஒருவர் கையில் விண்டோஸ் 7 போட்ட பழைய லேப்டொப். அதில் நிர்மலா கிடையாது, லதாவும் விஜயாவும்தான். லதாவில் எழுத்து அகலமாகப் படுத்துக் கிடக்கும், வரி நீளம் எல்லாம் மாறும். விண்டோஸ் 10இலோ லதாவும் விஜயாவும் மேலதிகத் தமிழ் எழுத்துருப் பொதிக்குப் போய்விட்டன. தேடி நிறுவினால்தான் வரும். அமைப்பில் லதா என்று எழுதிவைத்த பழைய ஆட்கள் புதுக் கணினி வாங்கியதும் குழம்புவது இதனால்தான். சின்னதாக நிறுவிய லினக்ஸில் தமிழ் எழுத்துருவே இல்லாமலும் இருக்கலாம். நோட்டோ அல்லது லோகித் தமிழ் பொதியை நிறுவும்வரை பெட்டிதான்.

இரண்டாம் இடத்தில் ஒரு தமிழ் எழுத்துரு

என் தெரிவு இதுதான். விஎஸ் கோட்டின் ‘எடிட்டர் ஃபொன்ட் ஃபேமிலி’ அமைப்பில் ஒரு பெயர் அல்ல, ஒரு வரிசையே கொடுக்கலாம். முதலில் கன்சோலாஸோ ஜெட்பிரெய்ன்ஸ் மோனோவோ, இரண்டாவதாக நோட்டோ சான்ஸ் தமிழ், சிங்களமும் வேண்டுமென்றால் மூன்றாவதாக நோட்டோ சான்ஸ் சிங்களம், கடைசியில் சம அகல எழுத்துருவைக் குறிக்கும் மோனோஸ்பேஸ். இடைவெளி உள்ள பெயர்களை ஒற்றை மேற்கோளுக்குள் போடவேண்டும். நடுவில் காற்புள்ளியை மறக்கக்கூடாது. ஒவ்வொரு எழுத்துக்கும் இந்த வரிசையை இடமிருந்து வலமாகப் பார்த்து, எதில் அது இருக்கிறதோ அதிலிருந்து எடுக்கும்.

வரிசை முக்கியம். தமிழ்தானே வேண்டும் என்று நோட்டோவையோ நிர்மலாவையோ முதலில் வைத்தால், நிர்மலாவில் உள்ள ஆங்கில எழுத்துகளையும் அதிலிருந்தே எடுக்கும். அவை சம அகலம் இல்லாதவை. பைதன் கோட்டின் உள்தள்ளல் எல்லாம் ஒடுங்கிப்போகும். “தமிழ் வந்துட்டுது, ஆனா கோட் ஒரு மாதிரி இருக்கு” என்று யாராவது சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

அடுத்தது வரியுயரம். ஆங்கில எழுத்துக்கு அளந்த உயரத்தில் ‘கீ’யின் சுழியும் ‘லூ’வின் கீழ்வளைவும் மேல்வரியோடும் கீழ்வரியோடும் இடிபடும், சில திரைகளில் வெட்டுப்படும். ‘எடிட்டர் லைன் ஹைட்’ அமைப்பில் 0 முதல் 8 வரையான எண்ணைக் கொடுத்தால் அதை எழுத்தளவோடு பெருக்கிக்கொள்ளும், 1.6 அல்லது 1.7 வசதியாக இருக்கிறது. எழுத்திடைவெளி அமைப்பை 0இலேயே விடுங்கள். கூட்டினால் கொம்பும் எழுத்தும் விலகி நிற்க இடமுண்டு.

நோட்டோ இலவசம், திறந்த உரிமத்தில் கிடைப்பது. கோப்பும் சிறியது, டேட்டா முடியுமோ என்று யோசிக்கத் தேவையில்லை. ஒருவர் இறக்கி யூஎஸ்பியில் கொடுத்தால் வகுப்பு முழுவதற்கும் ஒரே எழுத்துரு வந்துவிடும். நிர்மலாவை விட இதை நான் முன்னே வைப்பதற்கு முதல் காரணம் இதுதான்: விண்டோஸிலும் லினக்ஸிலும் ஆப்பிள் மக்கிலும் ஒரே மாதிரித் தெரியும்.

ஆண்ட்ராய்ட் ஸ்டுடியோவும் பைசார்மும் பயன்படுத்துகிறவர்களுக்கு இப்படி நீண்ட வரிசை கொடுக்கும் வசதி இல்லை. ஃபொன்ட் அமைப்புப் பக்கத்தில், இல்லாத எழுத்தைக் கடன் வாங்கும் எழுத்துருவுக்கு ‘ஃபோல்பேக்’ என்று ஒரே ஒரு பெட்டி இருக்கிறது. அங்கே மட்டும் நிர்மலா யூஐயே மேல். ஒரே பெயரில் தமிழும் சிங்களமும் அடங்கிவிடுகின்றன.

இந்த வழியால் தீராத ஒன்று, சம அகலம். ‘ர’வும் ‘ஔ’வும் ஒரே கட்டத்துக்குள் அழகாக அடங்காது. தமிழ்ச் சொல்லுக்குப் பின்னால் இடைவெளி தட்டிக் குறிப்புகளை நேர்கோட்டில் நிறுத்தப் பார்ப்பது வீண் வேலை. குறிப்பை மேல்வரியில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

எடிட்டரை மாற்றுவது

கொம்பு இடம் மாறி நின்றால் ஃபொன்டை எத்தனை தரம் மாற்றினாலும் பயனில்லை. ‘நெல்’ என்ற சொல்லில் முதலில் சேமிக்கப்படுவது ந, அதன் பிறகுதான் ஒற்றைக்கொம்பு. திரையில் கொம்பை முன்னே கொண்டுவருவது எடிட்டரின் எழுத்தமைப்பு இயந்திரம் செய்யும் வேலை. அது வேலை செய்யாவிட்டால் ந முன்னே நிற்க, கொம்பு ஒரு புள்ளிவட்டத்தைக் கட்டிக்கொண்டு பின்னே வரும். இந்த இடத்தில்தான் எடிட்டர்களுக்கிடையே உண்மையான வித்தியாசம் தெரிகிறது.

விஎஸ் கோட் உள்ளே குரோம் பிரவுசரின் அடித்தளமான குரோமியத்தை வைத்திருப்பதால் பிரவுசரில் தமிழ் எப்படித் தெரியுமோ அப்படியே தெரியும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை நினைவகத்தில்: 4 ஜிபி ராம் உள்ள லேப்டொப்பில் பிரவுசரையும் இதையும் சேர்த்துத் திறந்தால் தவழும். விண்டோஸ் 7இல் என்றால் 1.70 பதிப்போடு கதை முடிந்தது, அதற்குப் பிந்தியது ஓடாது.

அப்படிப்பட்ட கணினிக்கு நோட்பேட் பிளஸ் பிளஸ்தான் பொருத்தம். இலேசானது. தமிழ் சரியாக வராவிட்டால் விருப்பங்களில் ‘டைரக்ட்ரைட்’ என்ற தெரிவை இயக்கி, மூடித் திறந்து பாருங்கள். பல கோளாறுகள் அதோடு போய்விடும். ஆனால் ஃபொன்டுக்கு விஎஸ் கோட் போல வரிசை கொடுக்க முடியாது. கடன் எங்கே வாங்குவது என்பதை விண்டோஸிடம்தான் விடவேண்டும்.

லினக்ஸ் பக்கம் கேட் என்ற எடிட்டர் நல்லது, தொந்தரவே தராது. ஈமாக்ஸ் 2020இல் வந்த 27ஆம் பதிப்பிலிருந்து ஹார்ஃப்பஸ் என்ற எழுத்தமைப்பு இயந்திரத்தைப் பயன்படுத்துவதால் தமிழ் நேர்த்தியாக வருகிறது. அதில் எனக்குப் பிடித்த வசதி ஒன்று: கேர்சரை ஓர் எழுத்தில் வைத்து கண்ட்ரோல்-யூ, கண்ட்ரோல்-எக்ஸ், சமக்குறி என்று தட்டினால், அந்த எழுத்து எந்த ஃபொன்டிலிருந்து வந்தது, அதன் குறியெண் என்ன என்று எல்லாம் சொல்லிவிடும். மற்ற எடிட்டர்களில் ஊகித்துத் திரிய வேண்டியதை இது நேரே காட்டும். அதற்காக ஈமாக்ஸ் படியுங்கள் என்று மாணவரிடம் சொல்ல மனம் வரவில்லை.

டேர்மினலுக்குள் (கட்டளைகளை எழுத்தாகத் தட்டும் திரைக்குள்) ஓடும் விம் எடிட்டரைத் தமிழுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். டேர்மினல் ஒவ்வொரு எழுத்தையும் சம கட்டத்துக்குள் திணிக்கப் பார்க்கும். கேர்சர் ஓரிடம், எழுத்து வேறிடம். குற்றம் விம்முடையது இல்லை. ஆனாலும் அழிக்கப்போன எழுத்துக்குப் பக்கத்து எழுத்து அழிந்தால் யார் குற்றம் என்று யோசிக்கவா போகிறோம்?

தமிழைக் கோட்டுக்குள் விடாமல் இருப்பது

இரண்டு வகையாகச் செய்கிறார்கள். ஒன்று, எழுத்துக்குப் பதிலாகப் பின்சாய்கோடும் குறியெண்ணும் எழுதுவது. ஜாவாவின் பண்புக் கோப்புகளில் 2017இல் 9ஆம் பதிப்பு வரும்வரை இது தவிர்க்க முடியாததாக இருந்தது. இன்று தேவையில்லை. ‘கொள்முதல்’ என்ற ஒரு சொல் இந்த முறையில் 54 குறிகள் ஆகும். அதில் பிழை இருந்தால் யார் கண்டுபிடிப்பது? தரவை ஜேசன் வடிவக் கோப்பாக எழுதும் பைதனின் ஜேசன் நூலகம் கேட்காமலே இப்படி எழுதிவிடும், மாணவர்கள் ஃபொன்ட் உடைந்ததென்று நினைக்கிறார்கள். ‘என்ஷூர் ஆஸ்கி’ என்பதை ஃபால்ஸ் ஆக்கி, கோப்பைத் திறக்கும்போதே குறியேற்றம் யூடிஎஃப்-8 என்று கொடுத்தால் தமிழ் தமிழாகவே இருக்கும்.

மற்றது, தமிழ்ச் சொற்களைத் தனி மொழிக் கோப்பில் வைப்பது. இது நல்ல பழக்கம், மூன்று மொழியில் செயலி செய்கிறவருக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் காட்டும் பிரச்சினைக்குத் தீர்வு என்று சொல்லாதீர்கள். அந்தக் கோப்பையும் ஒரு எடிட்டரில்தானே திறக்கவேண்டும்.

எல்லாம் சரியாகத் தெரிந்தும் தேடல் காணாவிட்டால்

மொழிக் கோப்பில் ‘காலபோகம்’ கண்முன்னே இருக்கும். தேடல் பெட்டியில் அதே சொல்லைத் தட்டினால் எதுவும் இல்லை என்று வரும். ‘போ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ப-வுக்குப் பின் ஓகாரக் குறி ஒன்றாக, அல்லது இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாக. யூனிகோட் கணக்கில் இரண்டும் சமம், திரையிலும் ஒரே உருவம்; எடிட்டரின் தேடலுக்கு மட்டும் வேறு வேறு. பழைய கோப்புகளை மாற்றி எடுக்கும்போதும் சில விசைப்பலகைகளாலும் இரண்டாவது வகை நுழைகிறது. பைதனில் யூனிகோட்டேட்டா நூலகத்தின் நார்மலைஸ் செயலை, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்தில் ஒருமுறை ஓட்டினால் எல்லாம் ஒரே வகையாகிவிடும். வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டிய வரியில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகள் ஒளிந்திருந்தாலும் இதே கதைதான்; அவற்றை விஎஸ் கோட் கட்டம் போட்டுக் காட்டும், அந்த எச்சரிக்கையை எரிச்சலில் நிறுத்திவிடாதீர்கள்.

கோப்பின் பெயரே தமிழில் இருந்தால், கோட் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் தன் பங்குக்கு ஒன்று செய்யும்: ‘சிறுபோகம்’ என்ற பெயரை 340 எனத் தொடங்கும் எண் கூட்டங்களாகப் பட்டியலில் காட்டும். அதன் அமைப்பில் ‘கோர் கோட்பாத்’ என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் பெயர் தமிழில் வரும், ஆனால் அது டேர்மினலில்தான் வரும், அங்கே எழுத்து என்ன பாடுபடும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். நான் கோப்புப் பெயர்களை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்கிறேன்.