நிலாவெளிக்கு இல்லாத வில்லங்கம் உப்புவெளிக்கு

கம்பஸில் படிக்கும் தம்பி ஒருவன் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தான். என் லெப்டொப்பை எட்டிப் பார்த்தவன், "அண்ணா, உங்கட கறுப்புத் திரை மட்டும் என்ன இவ்வளவு வடிவா இருக்கு? நானும் போடட்டா?" என்று கேட்டான். "போடாத" என்றேன். காரணம் சொல்ல வாயெடுப்பதற்குள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். அவனுக்குச் சொல்ல வந்ததை இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கறுப்புத் திரைதான் டெர்மினல். அதில் தட்டும் கட்டளைகளை வாங்கி நடத்துவது ஷெல், என்னுடையது ஸெட்ஷெல். அதன் தோற்றத்தைத் தீம் போட்டு மாற்ற உதவும் ஓ மை ஸெட்ஷெல்லை நான்கு வருடமாகப் பாவிக்கிறேன். 2009 இல் ராபி ரசல் தொடங்கியது, அவர் பெயரில்தான் முதல் தீம் வரும், கூடவே 150க்கு மேற்பட்ட தீம்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவற்றில் ஒன்றும் எனக்கு ஒட்டவில்லை. சொந்தமாக ஒன்று எழுதி 'கச்சான்' என்று பெயர் வைத்தேன். கோயில் வாசலில் வறுத்து விற்கும் கச்சான் இல்லை, எங்கள் ஊரைக் காய வைக்கும் காற்று.

சொந்தத் தீம் போட்டுப் பார்ப்பதற்கு இதைவிட லேசான வழியை நான் கண்டதில்லை. கஸ்டம் ஃபோல்டருக்குள் தீம்ஸ் என்றொரு ஃபோல்டர், அதற்குள் உங்கள் கோப்பு, கோப்புப் பெயரின் கடைசியில் 'ஸெட்ஷெல்-தீம்' என்ற வால். ஸெட்ஷெல்லின் அமைப்புக் கோப்பில் வாலை வெட்டிவிட்டுப் பெயரை மட்டும் எழுதினால் போதும். அப்டேட் எத்தனை வந்தாலும் கஸ்டத்தைத் தொடாது. கூட வந்த தீம் ஒன்றின் பெயரையே உங்கள் கோப்புக்கும் வைத்தால் உங்களுடையதுதான் ஏறும். 'ஓஎம்ஸெட் தீம் யூஸ்' என்று கட்டளை தட்டினால் அந்த ஜன்னலில் மட்டும் ஒத்திகை, 'செட்' என்றால் அமைப்புக் கோப்பிலேயே எழுதிவிடும். ஒத்திகையில் ஒரு குறை உண்டு. பழைய தீம் வலப்பக்கத்தில் எதையாவது காட்டிக்கொண்டிருந்தால் அது அழியாமல் அப்படியே நிற்கும். ஆகவே புது ஜன்னல் திறந்து பார்ப்பதுதான் உத்தமம்.

கோட்டில் செய்யும் மாற்றங்களைக் கிளை கிளையாகப் பதிந்து வைக்கும் கருவி கிட். முதல் வாரத்தில் ப்ராம்ப்டில், அதாவது கட்டளை தட்டும் இடத்துக்கு முன்னால் ஷெல் காட்டும் வரியில், என் கிளைப் பெயர் மாறவே மாறாது. எந்தக் கிளைக்குப் போனாலும் 'மெயின்' என்றே காட்டும். இரண்டு இரவு நித்திரை கெட்ட பிறகுதான் பிடிபட்டது: ப்ராம்ப்ட் வரியை இரட்டை மேற்கோளுக்குள் எழுதியிருந்தேன். அப்படி எழுதினால் தீம் ஏறும்போது ஒரே ஒரு தடவை கிட்டைக் கேட்டுவிட்டு அந்தப் பதிலையே பிடித்துக்கொள்ளும். ஒற்றை மேற்கோள் போட்டால் ஒவ்வொரு முறையும் கேட்கும். சரி, அது என் பிழை.

என்னைக் கொன்றது வேறொன்று. கடற்கரை விடுதிகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது என் தொழில். ஃபோல்டர்களுக்கு ஊர்ப் பெயர், அதுவும் தமிழில். 'நிலாவெளி' என்று தட்டினால் வந்துவிடும். கொம்பு கொஞ்சம் விலகி நிற்கும்தான், அது டெர்மினலின் குணம், ஷெல்லைத் திட்ட முடியாது. 'உப்புவெளி' என்று தட்டினால் ப-வுக்குப் பக்கத்தில், புள்ளி இருக்க வேண்டிய இடத்தில், ஒரு அடைப்புக்குள் '0பிசிடி' என்று வரும். 'சாம்பல்தீவு' என்றால் அந்த மாதிரி மூன்று. டேப் அழுத்திப் பெயரை நிரப்பினாலும் அதே கோலம். ஆனால் ஃபோல்டருக்குள் போய்விட்டால் ப்ராம்ப்டில் அதே பெயர் ஒழுங்காகத் தெரியும்! அப்போது பிழை தீமில்தானே என்று யாரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். கச்சானை மூன்று தடவை முதலிலிருந்து எழுதினேன். நிறங்களைக் கழற்றினேன், எழுத்துருவை மாற்றினேன். கூட்டாளியின் மேக்கில் அதே தீமைப் போட்டால் சாம்பல்தீவு சுத்தமாக வருகிறது. வயிறு எரியாதா?

போன மாதம் ஸெட்ஷெல்லின் கையேட்டை வேறு எதற்கோ புரட்டும்போது கண்ணில் பட்டது. 'கம்பைனிங் கேர்ஸ்' என்று ஒரு விருப்பு (ஒப்ஷன்). அகலமே இல்லாத எழுத்துகளை முன்னெழுத்தோடு சேர்த்துக் காட்ட டெர்மினலுக்குத் தெரியும் என்று ஷெல்லுக்குச் சொல்வது அதன் வேலை. எல்லா டெர்மினலுக்கும் அது தெரியாது என்பதால் இயல்பில் அணைத்தே வைத்திருக்கிறார்கள். அணைந்திருந்தால் அந்த எழுத்துக்குப் பதிலாக அதன் யூனிகோட் எண்ணை அடைப்புக்குள் காட்டும். 0பிசிடி என்பது புள்ளியின் எண். கணக்கில் நம் புள்ளிக்கு அகலம் இல்லை, 'தீ'யின் ஈகாரக் குறிக்கும் இல்லை. மற்ற உயிர்க்குறிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கட்டம் உண்டு. நிலாவெளி தப்பியதும் உப்புவெளி மாட்டியதும் அதனால்தான். மேக்கில் அந்த விருப்பை ஆப்பிளே முன்கூட்டி இயக்கி வைத்திருக்கிறது. என் உபுண்டு லினக்ஸில் அதை இயக்க நானே 'செட்ஆப்ட்' என்று ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. ஒரே ஒரு வரி!

நியாயமாகப் பார்த்தால் ஓ மை ஸெட்ஷெல்லின் மேல் குற்றமில்லை. அது ஷெல்லின் இயல்பு, காரணமும் எழுதி வைத்திருக்கிறார்கள். தீம் வேலைக்கு இதற்கு நிகராக ஒன்றை நான் பாவித்ததில்லை, இனியும் மாற்றப் போவதில்லை. ஆனாலும் தம்பி கேட்டபோது வாயில் வந்தது "போடாத" என்பதுதான். நான்கு வருடம் ஒரு புள்ளிக்காகத் திரையைப் பார்த்துத் திட்டியவனிடம் வேறென்ன வரும்?

அவன் கேட்கவில்லை. நான் கிட்ஹப்பில் பகிர்ந்து வைத்திருந்த கச்சானை இறக்கிப் போட்டுவிட்டு நேற்று இரவு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தான். நிறமெல்லாம் அச்சொட்டாக என்னுடையது. அவனுடைய ஊர் ஃபோல்டரைத் தட்டியிருக்கிறான், மூதூர். கடைசி ர-வுக்குப் பக்கத்தில் 0பிசிடி. கீழே, "அண்ணா, உங்கட தீம்ல ஏதோ பிழை."

அந்த ஒரு வரியை நான் என் அமைப்புக் கோப்பில் மட்டும்தான் எழுதியிருந்தேன். தீமோடு வைத்த குறிப்பில்கூடச் சொல்லவில்லை.