சிறுகுறிஞ்சானும் என் சுகரும்: இரண்டு வருடத்துக்கு மேல் சாப்பிட்ட அனுபவம்

சிறுகுறிஞ்சான் என்ற மூலிகைக் கொடியின் இலைப்பொடியை ஆரம்பித்தால் சுகர் மாத்திரையை விட்டுவிடலாமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். விட முடியாது, நானும் விடவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரைகளைத் தொடர்ந்தபடியே, மதியச் சாப்பாட்டுக்கு முன் அரை டீஸ்பூன் பொடி, இப்படியே இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

பொடி முதலில் வேலை காட்டுவது நாக்கில். கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்து, கொப்பளித்துவிட்டு ஒரு சிட்டிகை சீனியைப் போட்டுப் பாருங்கள், மணலை மெல்வது போல நறநறவென்று இருக்கும், இனிப்பு மட்டும் தெரியாது. உப்பும் புளிப்பும் எப்போதும் போல்தான், அதனால் ஆரஞ்சுச் சுளை வெறும் புளிப்பாகிவிடும். இலையில் உள்ள ஜிம்னிமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை உணரும் இடங்களில் போய் ஒட்டிக்கொள்கின்றன, அதிகம் போனால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். எனக்குப் பெரிய லாபமே இதுதான். சாப்பிட்டு முடித்ததும் ஏதாவது இனிப்பு வேண்டும் என்று கை டப்பாவைத் தேடும் பழக்கம் போயே போச்சு, மைசூர்பாகு மெழுகு மாதிரி இருந்தால் எவன் இரண்டாவது துண்டு எடுப்பான்?

சரி, ரத்தத்தில்? மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7.9-ல் இருந்து 7.1-க்கு வந்தது. ஆனால் அதே காலத்தில் இரவுச் சாதத்தைக் குறைத்தேன், இனிப்பும் நின்றது, சாயங்காலம் நடக்கவும் ஆரம்பித்திருந்தேன், இதில் பொடியின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள்: டைப் 2 சர்க்கரை நோயாளிகள் 22 பேருக்கு இலைச் சாற்றின் செறிவை நாளுக்கு 400 மி.கி. வீதம் 18 முதல் 20 மாதம் கொடுத்ததில் சர்க்கரை குறைந்தது, ஐந்து பேரால் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. அந்த ஐந்து பேரை மட்டும் சொல்லித்தான் வியாபாரம் நடக்கிறது. அது மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தது என்பதையும், 22 பேர் என்பது ரொம்பச் சின்ன எண்ணிக்கை என்பதையும், அவர்கள் சாப்பிட்டது செறிவூட்டிய சாறு, நாம் வாங்குவது வெறும் இலைப்பொடி என்பதையும் யாரும் சொல்வதில்லை.

இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். எனக்கு மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையோடு கிளிமிபிரைடு என்ற இன்னொன்றும் உண்டு. ஒரு நாள் வழக்கம்போல் பொடியைப் போட்டுக்கொண்டேன், மதியச் சாப்பாடு தள்ளிக்கொண்டே போனது. திடீரென்று நெற்றி வியர்த்து, கை நடுங்கி, எதிரில் இருப்பவர் பேசுவதே காதில் ஏறவில்லை, மீட்டரில் பார்த்தால் சர்க்கரை 62-க்கு இறங்கியிருந்தது. அவசரமாக குளுக்கோஸ் பொடியை அள்ளி வாயில் போட்டால் சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது, இனிப்பே இல்லை! நாக்குக்குத் தெரியாவிட்டாலும் உடம்புக்குள் அது சர்க்கரைதான், கால் மணி நேரத்தில் தேறிவிட்டேன். கிளிமிபிரைடு மாதிரி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் இன்சுலின் ஊசி போடுபவர்களும் டாக்டரிடம் சொல்லாமல் இதைத் தொடவே கூடாது. என் டாக்டர் திட்டவில்லை, கிளிமிபிரைடு அளவைக் குறைத்து, சாப்பாடு தட்டில் விழுந்த பிறகுதான் பொடி என்று சொல்லிவிட்டார்.

அப்புறம், "மாத்திரை எல்லாம் கெமிக்கல், இது மூலிகை" என்பவர்களுக்கு ஒரு தகவல்: மெட்ஃபார்மினின் பூர்வீகமும் ஒரு செடிதான், கலேகா என்று ஐரோப்பாவில் வளர்வது.

வெந்தயத்தை ஊறவைத்துச் சாப்பிடுவதையும் விடவில்லை, அதன் நார்ச்சத்து சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைக் கொஞ்சம் மெதுவாக்குகிறது, மலச்சிக்கலுக்கும் நல்லது. பாகற்காய் ஜூஸ் வயிற்றைக் கலக்கியதோடு சரி.

வாங்கும்போது பொடியை விடக் காய்ந்த இலையாக வாங்கி வீட்டில் அரைப்பது நல்லது. நாட்டு மருந்துக் கடையில் ஒருமுறை வாங்கிய பாக்கெட்டைப் போட்ட பிறகும் சீனி தித்தித்தது, அடுத்த தடவை கடையை மாற்றிவிட்டேன். "மூன்றே நாளில் சுகர் இறங்கும்" என்று விற்கும் பெயர் தெரியாத மாத்திரைகள் பக்கம் போகவே போகாதீர்கள், அப்படிப்பட்ட சிலவற்றில் அலோபதி சுகர் மருந்தையே பொடித்துக் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது.