மைட்டோகாண்ட்ரியா, பசுங்கணிக மாதிரிகள்: ஆய்வகத்திற்கு வாங்கலாமா?

செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா, தாவரச் செல்லில் ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகம் ஆகியவற்றைக் காட்ட மேல்நிலை வகுப்புகளுக்காக விற்கப்படும் இந்த வெட்டுத்தோற்ற மாதிரிகள் இரண்டையும் எங்கள் பள்ளி ஆய்வகத்திற்கு வாங்கி, பாடங்களில் பயன்படுத்தி வருகிறோம். நான் பார்த்த மற்ற மாதிரிகள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு மடிப்புகளைக் காட்டுவதோடு நின்றுவிடும், இதிலோ டி.என்.ஏ. வளையங்களும் புரதங்களைத் தயாரிக்கும் ரைபோசோம்களும் உட்சவ்வை ஒட்டியே பதிக்கப்பட்டிருக்கின்றன. வாங்கலாம் என்று நான் சொல்வதற்கு முதன்மையான காரணம் இதுதான்.

தனித்து வாழ்ந்த பாக்டீரியாவே மைட்டோகாண்ட்ரியாவானது என்று கற்பித்ததும், அதன் மரபணுக்களில் பெரும்பாலானவை உட்கருவுக்கு இடம்பெயர்ந்த பின்னும் சில மட்டும் ஏன் அங்கேயே தங்கின என்று மாணவர்கள் கேட்கிறார்கள். மனித மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வில் 16,569 கார இணைகளும் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) 37 மரபணுக்களும் உள்ளன. அவற்றுள் புரதங்களுக்கானவை 13 மட்டுமே. அந்தப் பதின்மூன்றும் எலக்ட்ரான் கடத்தலிலோ செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யின் உற்பத்தியிலோ பங்கேற்பவை, உட்சவ்வுக்குள் அமர்பவை. நீரை வெறுக்கும் இப்புரதங்களை உட்கருவுக்கு வெளியே உள்ள சைட்டோபிளாசத்தில் தயாரித்தால், மைட்டோகாண்ட்ரியாவைச் சேருமுன்பே அவை செல்லின் மற்றொரு சவ்வமைப்பான எண்டோபிளாச வலைப்பின்னலின் சவ்வில் செருகிக்கொள்ளக்கூடும் என்பது ஒரு விளக்கம். உயிர்வேதியியலாளர் ஜான் ஆலன் 1993-இல் முன்வைத்த விளக்கமோ கட்டுப்பாட்டைப் பற்றியது: ஒரு செல்லில் நூற்றுக்கணக்கான மைட்டோகாண்ட்ரியாக்கள் இருக்கையில், அவற்றுள் ஒன்றில் மட்டும் எலக்ட்ரான் ஓட்டம் தடைப்பட்டால், தொலைவிலுள்ள உட்கருவால் அந்த ஒன்றுக்கு மட்டும் புரதம் அனுப்ப இயலாது, மரபணு அருகிலேயே இருந்தால் அந்த மைட்டோகாண்ட்ரியாவே உடனடியாகச் சரிசெய்துகொள்ளும். இவ்விரண்டு விளக்கங்களையும் மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு விரலால் சுட்டிக்காட்டியே நடத்த முடிகிறது. படம் வரைந்து நடத்தியபோது இந்தத் தெளிவு கிடைத்ததில்லை.

பசுங்கணிக மாதிரியில் இந்த அக்கறை தெரியவில்லை. பசுங்கணிகத்தின் உள்ளே நிரம்பிய திரவமான ஸ்ட்ரோமாவின் ஓரத்தில் ஒரே ஒரு டி.என்.ஏ. வளையம் இருக்கிறது, ரைபோசோம்கள் இல்லவே இல்லை. நிலத் தாவரங்களின் பசுங்கணிகத்தில் பெரும்பாலும் 100 முதல் 130 மரபணுக்கள் வரை இருப்பதால், உண்மையில் இங்கேதான் கூடுதலாகக் காட்டியிருக்க வேண்டும். ஒளிச்சேர்க்கையில் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதியின் இரு வகைப் புரதப் பகுதிகளில், பெரிய துணையலகுக்கான மரபணு பசுங்கணிகத்திலும் சிறிய துணையலகுக்கானது உட்கருவிலும் இருக்கின்றன. பெரிய துணையலகு சவ்வில் புதையாமல் ஸ்ட்ரோமாவில் கரைந்திருக்கும் புரதம் என்பதால், நீர்வெறுப்பு விளக்கம் மட்டும் போதாது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வகுப்பறைக்குக் கிடைக்காது. அதைக் காட்ட இந்த மாதிரியில் வழியில்லை.

உடன்வரும் கையேடு இரண்டையும் 'தன்னாட்சி உறுப்புகள்' என்கிறது. மனித மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களில் 13 தவிர மற்றவை வெளியிலிருந்து வருபவை என்பதால், இந்தச் சொல் மாணவர்களைத் தவறாக வழிநடத்தும். கையேட்டை அவர்களிடம் கொடுக்காமல் இருப்பது நல்லது. வண்ணமும் தாங்கியும் உறுதியானவை.

மைட்டோகாண்ட்ரியா மாதிரி தனியாகக் கிடைத்தால் அதை மட்டும் வாங்குங்கள். இரண்டையும் சேர்த்தே வாங்க நேர்ந்தால், பசுங்கணிகத்தின் ஸ்ட்ரோமாவிலும் ஒளியை ஈர்க்கும் சவ்வுப் பைகளான தைலகாய்டுகளின் மேலும் ரைபோசோம்களுக்காகச் சிறு மணிகளை ஒட்டிக்கொள்ளலாம். இந்த நெகிழியில் பசை நன்றாகவே பிடிக்கிறது.