8085 பயிற்சிப் பலகை: மட்டக்களப்பில் வாங்க நினைப்பவர்களுக்கு

உயர்தர ஐசிடி பாடத்தில் பிள்ளைகள் மனனம் செய்யும் கொணர்தல், குறிவிலக்கல், நிறைவேற்றல் என்ற சுற்றைக் கையால் தொட்டுப் படிக்க இந்தப் பலகை போதும். பலகையில் இருக்கும் 8085, 1976இல் இன்டெல் வெளியிட்ட 8 பிட் செயலி. 40 கால்கள், 64 கிலோபைட் வரை முகவரியிடலாம். ஆறு இலக்கத் திரையில் நான்கு முகவரிக்கு, இரண்டு தரவுக்கு. அசெம்பிளியில் (கட்டளைகளைச் சுருக்கப் பெயர்களால் எழுதும் மொழி) எழுதியதை அட்டவணை பார்த்துப் பதினறும எண்ணாக மாற்றி, ஒவ்வொரு பைட்டாக நாமே தட்ட வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் படிப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது.

றாம் (எழுதி வாசிக்கும் நினைவகம்) 2000 என்ற முகவரியில் தொடங்கும் பலகையில் இதைத் தட்டிப் பாருங்கள்: 97, 06, 05, 80, 32, 50, 20, 76. 97 (சப் ஏ) திரட்டியை, அதாவது கணக்கின் விடை தங்கும் ஏ ரெஜிஸ்டரை, பூச்சியமாக்கும். 06 05 (எம்விஐ பி) செயலிக்குள் இருக்கும் இன்னொரு சிறு சேமிப்பிடமான பி ரெஜிஸ்டரில் 5ஐ வைக்கும். 80 (அட் பி) அதைத் திரட்டியோடு கூட்டும். 32 (எஸ்டிஏ) விடையை 2050இல் சேமிக்கும், 76 நிறுத்தும். முகவரியின் பின்பாதி 50 முதலில், 20 பிறகு. மாற்றித் தட்டினால் விடை 5020க்குப் போகும். அங்கே றாம் இல்லையென்றால் பிழைச்செய்தி எதுவும் வராமலே காணாமல் போய்விடும்.

இன்னும் நல்ல பாடம், 05ஐ விட்டுவிட்டுத் தட்டுவது. கூட்டல் கட்டளையான 80 இப்போது வெறும் தரவாகி பிக்குள் போகும், கூட்டலே நடக்காது, 2050இல் 00 இருக்கும். எது கட்டளை, எது தரவு என்பதைச் செயலி பைட்டின் முகத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. வந்த வரிசைதான் தீர்மானிக்கிறது. கணினித் திரையில் ஓடும் சிமுலேட்டர்கள் அசெம்பிளி வரியை அப்படியே வாங்கிக்கொள்வதால் இந்தத் தவறைச் செய்யவே விடுவதில்லை.

ஒவ்வொரு படியாக ஓட்டும் வசதி பலகையின் மிகச் சிறந்த அம்சம். முதல் கட்டளைக்குப் பிறகு பூச்சியக் கொடி (விடை பூச்சியமா என்று காட்டும் பிட்) 1 ஆகும், எம்விஐ அதைத் தொடாது, கூட்டிய பிறகே 0 ஆகும். நேரக் கணக்கும் இங்கே விளங்கும்: எஸ்டிஏக்கு 13 கடிகாரத் துடிப்புகள். கட்டளையைக் கொணர 4, முகவரியின் இரு பைட்டுகளை வாசிக்க 3 வீதம் 6, எழுத 3.

குறைகளும் உண்டு. 76க்குப் பிறகு விசைகள் வேலை செய்யாது, ரீசெட் அழுத்த வேண்டும். றாமில் உள்ளது அழியாது. ஆனால் கரண்ட் போனால், பலகையில் பற்றரி இல்லாவிட்டால், எல்லாம் போய்விடும். கொப்பியில் எழுதி வைக்காமல் தட்டாதீர்கள். மெல்லிய வயரில் 5 வோல்ட் கொடுத்தால் அழுத்தம் இறங்கிக் காரணமில்லாமல் ரீசெட் ஆகும். கல்லடி, காத்தான்குடி பக்கம் உப்புக்காற்றில் ஐசி சொக்கெட்டுகள் களிம்பேறும். மின்னை நிறுத்திவிட்டு ஐசிகளை அழுத்தி அமர்த்தினாலே பாதிக் கோளாறு தீரும்.

பழைய பலகை வாங்குவதென்றால் ஈபிறோம் ஐசியின் (புற ஊதா ஒளியால் அழிக்கக்கூடிய நிரந்தர நினைவகம்) கண்ணாடிச் சாளரத்தில் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உரிந்துபோய் வெயிலில் கிடந்திருந்தால் விசைகளையும் திரையையும் இயக்கும் மொனிட்டர் புரோகிராம் அழிந்திருக்கலாம், அப்படியானால் பலகை எழும்பாது. கைநூல் இல்லாத பலகையை எடுக்காதீர்கள். றாம் தொடங்கும் முகவரி தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். றோபோ செய்யத்தான் ஆசையென்றால் ஆர்டுயினோவே பொருத்தம்.