எக்செலா, கூகுள் ஷீட்ஸா: சப்டைட்டில் திருத்த எது தோது?

அம்பாசமுத்திரம் வட்டாரக் கோயில் கொடை விழாக்களில் எடுத்த வில்லுப்பாட்டு வீடியோக்களுக்குத் தமிழிலேயே சப்டைட்டில் போடுகிறோம். நேரம் பிரிப்பது என் வேலை. எழுத்தைத் திருத்துவது ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், எங்களுக்கு அண்ணாச்சி. 'கொடை' என்பதை யாராவது 'குடை' என்று அடித்திருந்தால் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் வரியும் அது வரும் நேரமும் அடங்கிய சப்டைட்டில் கோப்பான எஸ்.ஆர்.டி.யை அப்படியே நோட்பேடில் காட்டினால், "இந்த நம்பரையெல்லாம் எங்கிட்ட ஏன்டே காட்டுத? பாட்ட மட்டும் காட்டு" என்பார். அதனால் எண், தொடக்கம், முடிவு, வரி என்று நான்கு பத்திகளாக (காலம்களாக) பிரித்துக் கொடுக்கிறேன்.

தனியாளாகச் செய்பவருக்கு இந்தப் பாடே வேண்டாம். சப்டைட்டில் எடிட் இலவச மென்பொருள். ஒலியலையைப் பார்த்தபடி அதிலேயே திருத்திவிடலாம். இன்னொருவர் கையும் பட வேண்டும் என்றால்தான் எக்செலா, கூகுள் ஷீட்ஸா என்ற கேள்வி வருகிறது.

எக்செலுக்கு இணையம் வேண்டாம், வேகமும் அதிகம். பத்திகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் சி.எஸ்.வி. கோப்பை இருமுறை தட்டித் திறந்தால் தமிழ் சில சமயம் சிதைந்து தெரியும். டேட்டா மெனு வழியாக யு.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டைத் தேர்ந்து இறக்கினால் (இம்போர்ட் செய்தால்) அது சரியாகிவிடும்.

சரியாகாதது நேரம். 00:01:02.547 என்று புள்ளி வைத்து இருப்பதை எக்செல் நேரம் என்று புரிந்துகொண்டு 01:02.5 என்று காட்டும். திரும்ப சி.எஸ்.வி.யாகச் சேமித்தால், கண்ணுக்குத் தெரிகிற அதுதான் கோப்பில் போய் உட்காரும். மில்லி செகண்டில் 47 போனால் போகட்டும். 01:01:02.547 என்பதும் அதே 01:02.5 ஆகிவிடுமே! விடிய விடிய நடக்கிற வில்லுப்பாட்டில் ஒரு மணி நேரம் காணாமல் போனால் எந்த வரி எங்கே போய் நிற்கும்? கோட்டுக் குறியில் தொடங்கும் உரையாடல் வரியையும் சூத்திரமாக எடுத்துக்கொள்ளப் பார்க்கும். இறக்கும்போதே பத்திகளை 'டெக்ஸ்ட்' என்று குறித்தால் தப்பிக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் மறக்காமல் குறிக்க வேண்டும்.

நான் ஷீட்ஸ் கட்சி. எஸ்.ஆர்.டி. நேரத்துக்குள்ளேயே காற்புள்ளி இருப்பதால், சப்டைட்டில் எடிட்டில் 'கஸ்டம் டெக்ஸ்ட்' வழியாக டேப் பிரிப்பில் வெளியே எடுக்கிறேன். ஷீட்ஸில் இறக்கும்போது, எண்ணாகவும் தேதியாகவும் மாற்றும் தேர்வில் உள்ள டிக்கை எடுத்துவிட்டால் நேரம் இம்மி பிசகாது. முதல் மூன்று பத்திகளையும் பூட்டிவிடலாம். அண்ணாச்சி போனில் விரல் வைத்தாலும் வரி மட்டும்தான் மாறும். பழைய வடிவமும் வரலாற்றில் பத்திரமாக இருக்கும்.

திரும்பக் கோப்பாக்க, ஐந்தாவது பத்தியில் நான்கையும் சூத்திரத்தால் ஒட்டுகிறேன். வரி முறிவை அங்கேயே போட்டால், நகலெடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றி மேற்கோள் குறி ஒட்டிக்கொண்டு வரும். அதனால் முறிவு வர வேண்டிய இடத்தில் | போட்டு, பிறகு நோட்பேட்++-இல் மொத்தமாக மாற்றுகிறேன்.

ஒரு குறை இரண்டுக்கும் பொது. வரி நீளத்தை எண்ணச் சொன்னால் 'நெல்லை'க்கு 6 என்று வரும். கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணிவிடும். வாசிப்பு வேகத்துக்கு அந்தக் கணக்கை நான் நம்புவதில்லை.

இணையம் சரியாகக் கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்கு லிப்ரே ஆபிஸ் கால்க் தோதாகலாம். கோப்பைத் திறக்கும்போதே எழுத்துக் குறியீட்டையும் பத்தி வகையையும் அதுவே கேட்டுவிடுகிறது. சின்னக் கோப்புகளில்தான் பார்த்திருக்கிறேன். முழுக் கொடை வீடியோவுக்கு இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.