டேப்பர் டிஐசிசி: ஆசிலேட்டர் சூடேறுவதைப் பார்க்க நல்ல கருவி

ஓசிஎக்ஸ்ஓ, அதாவது கிரிஸ்டலைச் சிறு அடுப்புக்குள் ஒரே சூட்டில் வைத்திருக்கும் ஆசிலேட்டர், வாங்குகிற பலர் அதன் ஃப்ரீக்வென்சி கடைசியில் எங்கே போய் நிற்கிறது என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். எனக்கு அது போய்ச் சேரும் வழிதான் முக்கியம். பவர் கொடுத்த முதல் சில நிமிடங்களிலேயே அதன் குணம் பெருமளவு தெரிந்துவிடும். அதைப் பார்க்க நான் வைத்திருப்பது டேப்பர் என்ற அமெரிக்க அமெச்சூர் ரேடியோ அமைப்பின் டிஐசிசி என்ற நேரம் குறிக்கும் கவுண்டர்.

அர்டுயினோ மெகா 2560 என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டின் மேல் உட்காரும் போர்டு இது. இரண்டு சேனல்கள், சேனலுக்கு ஒரு டிடிசி7200 என்ற நேரம் அளக்கும் சிப். துடிப்பின் விளிம்பு எப்போது வந்தது என்பதை சுமார் 60 பிகோசெகண்ட் நுணுக்கத்தில் குறித்து, யுஎஸ்பி வழியாக ஒரு வரி அனுப்பும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அதைச் சரியாகச் செய்கிறது.

ஏன் சாதாரண ஃப்ரீக்வென்சி கவுண்டர் போதாது? பழைய வகை கவுண்டர் ஒரு நொடி எண்ணிச் சராசரியைச் சொல்லும். ஒரு எண்ணிக்கைக்கும் அடுத்ததற்கும் நடுவே நடந்தது போனதுதான். நிலைத்து நிற்கும் ஆசிலேட்டருக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. சூடேறிக்கொண்டிருப்பதற்கு அது ஒத்து வராது. டிஐசிசியில் நொடிக்கு ஒன்றாக வரும் (1 பிபிஎஸ்) துடிப்பு ஒன்றுகூட விடுபடாமல் பதிவாகிறது.

எஸ்சி கட் என்ற வகையில் வெட்டிய கிரிஸ்டல் கொண்ட ஒரு பழைய ஓசிஎக்ஸ்ஓவின் 10 மெகாஹெர்ட்ஸை பிக்டிவ் என்ற வகுக்கும் சிப்பால் நொடிக்கு ஒரு துடிப்பாக வகுத்துக் கொடுத்தேன். குளிர்ந்த நிலையில் ஒவ்வொரு துடிப்பும் நொடிக்குப் பத்து மைக்ரோசெகண்டுக்கு மேல் பிந்தி வந்தது. சில நிமிடங்களில் பிந்துவது நானோசெகண்டுகளுக்கு இறங்கியது. அதில் நான் ரசித்த இடம் ஒன்று உண்டு: ஹீட்டர் இழுக்கும் கரண்ட் திடீரென்று குறைகிறது, ஆனால் பதிவுகளை வரைந்து காட்டும் டைம்லேப் மென்பொருளின் திரையில் கோடு இன்னும் வளைந்துகொண்டே போகிறது. அடுப்பு தயார், உள்ளே இருக்கும் கிரிஸ்டலுக்கு இன்னும் நேரம் வேண்டும். கரண்டை மட்டும் பார்த்து ‘சூடாகிவிட்டது’ என்று முடிவு கட்டுகிறவர்களுக்கு இந்தக் கோட்டைக் காட்ட வேண்டும்.

சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். வெளியிலிருந்து 10 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸ் கொடுத்தே ஆக வேண்டும். ஜிபிஎஸ்டிஓ (ஜிபிஎஸ் சிக்னலை வைத்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஆசிலேட்டர்) இருந்தால் நல்லது, அதையும் முந்தைய நாளே ஆன் செய்துவிடுங்கள். இரண்டும் ஒன்றாகச் சூடேறினால் எது நகர்கிறது என்றே தெரியாது. உள்ளீடு லாஜிக் அளவில் (டிஜிட்டல் சிப்களுக்கான மின்னழுத்தத்தில்), கூர்மையான விளிம்போடு இருக்க வேண்டும். சைன் அலையை அப்படியே கொடுத்தால் அந்த 60 பிகோசெகண்டுக்கு அர்த்தமே இல்லை.

அப்புறம், கிரிஸ்டல் அதிரத் தொடங்கும் அந்த முதல் கணத்தை, அதாவது வீச்சு மெல்ல வளர்வதைப் பார்க்க நினைத்தால் இது வேண்டாம். மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்கு அது சில மில்லிசெகண்ட் கதை, 32.768 கிலோஹெர்ட்ஸ் வாட்ச் கிரிஸ்டலுக்குப் பல நூறு மில்லிசெகண்ட் வரை போகும். அதற்கு ஆசிலோஸ்கோப்தான்.

இரண்டாவது சேனலைச் சும்மா விடாதீர்கள். ஒரே மாடல் ஓசிஎக்ஸ்ஓ இரண்டு கிடைத்தால், ஒரே சுவிட்சில் இரண்டையும் ஆன் செய்து, சேனலுக்கு ஒன்றாகக் கொடுத்து ஓடவிடுங்கள். எதை வைத்துக்கொள்வது என்று கோடுகளே சொல்லிவிடும்.