சிவப்பு மாசமா, நீல மாசமா?

திருச்சியில் எங்கள் வீட்டில் நாலு பேர், டிவி ஒன்று. என் கணவருக்கு மலையாளத் துப்பறியும் தொடர்கள் வேண்டும். பிளஸ் ஒன் படிக்கும் மகனுக்கு ஐபிஎல், அப்புறம் தமிழில் டப்பிங் ஆன கொரியன் தொடர்கள். அத்தைக்கு சீரியல். எனக்கு எது ஓடினாலும் சரி, பத்தரை மணிக்கு மேல் கண் சொக்காமல் பார்க்க வைத்தால் போதும்.

வீட்டுக் கணக்கு எழுதுவது நான். ஒரு மார்ச் மாதக் கடைசியில் வங்கிக் கணக்கை வரி வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். எட்டு மாதமாக வீட்டில் யாருமே திறக்காத ஒரு ஓடிடிக்கு (இணையம் வழியாகப் படம், தொடர் காட்டும் செயலி) வருடச் சந்தா தானாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தது. எந்த ஓடிடி என்பது இங்கே முக்கியமில்லை. பணம் எடுக்கப்போகிறோம் என்று எஸ்எம்எஸ் வந்துதான் இருக்கிறது. கடன் வேண்டுமா என்று கேட்கும் இருபது எஸ்எம்எஸ்களுக்கு நடுவில் அதுவும் கிடந்திருக்கிறது. அன்றைக்குத்தான் இதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

வழி மூன்று. எல்லாவற்றையும் வருடம் முழுக்க வைத்திருப்பது, ஃபைபர் இணைப்போடு சேர்ந்து வரும் ஓடிடிகளை வைத்தே ஓட்டுவது, மாதம் ஒன்றாக மாற்றி மாற்றிக் கட்டுவது. மூன்றையும் செய்து பார்த்தாயிற்று. ஒன்றரை வருடமாக மூன்றாவது வழியில் இருக்கிறோம், திரும்பிப் போகும் எண்ணம் இல்லை. ஆகவே நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

வருடச் சந்தாவில் என்ன நல்லது என்று விளக்கத் தேவையில்லை. ஒரு தடவை கட்டிவிட்டு மறந்துவிடலாம். கெட்டதும் அதேதான். நான் போட்ட கணக்கு இது: அமேசான் பிரைம் வருடத்துக்கு 1499 ரூபாய். ஜியோஹாட்ஸ்டார் 2025 பிப்ரவரியில் தொடங்கியபோது அதன் சூப்பர் திட்டம் வருடத்துக்கு 899. நெட்ஃபிளிக்ஸில் மாதாமாதம்தான் கட்ட முடியும். 199 ரூபாய் பேசிக் திட்டத்தைப் பன்னிரண்டு மாதமும் விடாமல் வைத்திருந்தால் 2388. ஆக 4786 ரூபாய். சன் நெக்ஸ்ட், ஜீ5, சோனி லிவ், ஆஹா எதுவும் இதில் சேரவில்லை. விலைகள் மாறிக்கொண்டே இருப்பவை, கட்டும் முன் செயலியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் விதம் மாறாது.

விலை மட்டுமில்லை, நடுவில் நிபந்தனையும் மாறும். 2025 ஜூன் 17 முதல் இந்தியாவில் பிரைம் வீடியோவில் விளம்பரம் வர ஆரம்பித்தது. விளம்பரம் வேண்டாம் என்றால் மாதம் 129 அல்லது வருடம் 699 கூடுதல். இது அவர்கள் முன்பே அறிவித்துச் செய்த மாற்றம்தான். ஆனால் வருடத்துக்குக் கட்டியவர் அதோடு காலம் தள்ள வேண்டும்; மாதக்கணக்கில் இருப்பவர் அடுத்த மாதம் யோசித்துக்கொள்ளலாம்.

ஃபைபரோடு சேர்ந்து வருவதை ஒரு வருடம் வைத்திருந்தோம். இருபதுக்கு மேல் ஓடிடி என்றார்கள். நாங்கள் பெயர் கேள்விப்பட்டவை ஐந்து, பார்த்தவை இரண்டு. இணைப்பு கணவரின் செல்பேசி எண்ணில். எதைத் திறந்தாலும் ஓடிபி அவருக்குப் போகும், அவர் ஆபீஸில் மீட்டிங்கில் இருப்பார், இங்கே நாங்கள் டிவி முன்னால் பிரசாதத்துக்குக் காத்திருப்பது போல உட்கார்ந்திருப்போம். இப்படிச் சேர்த்துத் தரும்போது பெரும்பாலும் அந்தந்த ஓடிடியின் கீழ்த்தட்டுத் திட்டம்தான் கிடைக்கும். வேறு கம்பெனிக்கு மாறலாம் என்று நினைத்தால் டிவியும் சேர்ந்து போய்விடுகிறது. வேகத்துக்காக எப்படியும் எடுக்கப்போகும் திட்டத்தில் ஓடிடி கூடவே வந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஓடிடிக்காக மேல் திட்டத்துக்குத் தாவாதீர்கள். இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இனி மாதம் ஒன்று. போன சுற்றில் நாங்கள் கட்டியது இப்படி: நெட்ஃபிளிக்ஸ் இரண்டு மாதம், அதுவும் 499 ரூபாய் ஸ்டாண்டர்டு திட்டம், 998. பிரைம் மாதம் 299 வீதம் இரண்டு மாதம், 598. ஐபிஎல் சமயத்தில் ஜியோஹாட்ஸ்டார் சூப்பர் மூன்று மாதத்துக்கு 299. கூட்டினால் 1895. ஜீ5, சோனி லிவ் தலா ஒரு மாதம், அவை இந்தக் கூட்டலில் இல்லை. மீதி மூன்று மாதம் ஒன்றுமே கிடையாது. பிப்ரவரியும் மார்ச்சின் பெரும்பகுதியும் பரீட்சை, இன்னொரு மாதம் தீபாவளிச் செலவு.

மிச்சமான பணத்தை விட, படம் தெளிவானதுதான் கணவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. 199 ரூபாய் திட்டத்தில் 720பி, ஒரே திரை. 499 ரூபாய் திட்டத்தில் முழு எச்டி, இரண்டு திரை. வருடம் முழுக்க மங்கலாகப் பார்ப்பதற்கு இரண்டு மாதம் பளிச்சென்று பார்க்கலாம்.

அத்தைக்கு இந்தப் பெயர்களெல்லாம் வாயில் நுழையாது. நெட்ஃபிளிக்ஸ் சிவப்பு, பிரைம் நீலம். ரிமோட்டை எடுக்கும்போதே "ஏம்மா, இது சிவப்பு மாசமா, நீல மாசமா?" என்று கேட்பார். இப்போது மகனும் அப்படித்தான் சொல்கிறான்.

இந்த முறையில் எல்லோரும் கேட்பது, "ரிலீஸ் ஆன அன்றைக்கே பார்க்க முடியாதே?" என்றுதான். முடியாது. ஆனால் தியேட்டரில் வந்த தமிழ்ப் படமே பெரும்பாலும் நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகிறது. நாலு வாரம் பொறுத்தவருக்கு இன்னும் எட்டு வாரம் பெரிதில்லை. தொடர்களில் பொறுமை இன்னும் லாபம். பிரைமில் 'சுழல்' தொடரின் முதல் பாகம் 2022 ஜூனில் வந்தது, இரண்டாவது 2025 பிப்ரவரியில். நடுவில் 32 மாதம். அந்தத் தொடருக்காகவே வருடாவருடம் சந்தா கட்டியவர் இருந்தால், அவர் காத்திருப்பதற்கும் சேர்த்துக் காசு கட்டியிருக்கிறார். வாராவாரம் கொஞ்சமாக விடும் தொடர் என்றால் கடைசி எபிசோடு வந்த பிறகு அந்த மாதத்தை வைத்துக்கொள்வோம்.

சரி, உண்மையில் இந்த முறை நிற்பதும் விழுவதும் ஒரே இடத்தில்: வெளியே வருவது எவ்வளவு சுலபம்? ஆட்டோபேயை, அதாவது தானாகப் பணம் போகும் ஏற்பாட்டை, அடக்கத் தெரியாதவருக்கு மாதச் சந்தா வருடச் சந்தாவை விட மோசம். 299 வீதம் பன்னிரண்டு மாதம் மறந்துபோனால் பிரைமுக்கு 3588 ரூபாய் ஆகிவிடும். அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

2021 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பாக உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். 15,000 ரூபாய்க்கு உட்பட்ட தொகை என்றால் ஒவ்வொரு தடவையும் பின் நம்பரோ ஓடிபியோ கேட்க மாட்டார்கள். ஓடிடிச் சந்தா எல்லாமே அதற்குள் அடங்கிவிடுவதால் நம்மைக் காப்பது அந்த ஒரு எஸ்எம்எஸ்தான். அதை நம்பி நான் ஒரு தடவை ஏமாந்தாயிற்று.

அதனால் எங்கள் வீட்டு வழக்கம்: சந்தா கட்டிய அன்றைக்கே, முதல் எபிசோடு போடுவதற்கு முன்னாலேயே, ஆட்டோபேயை ரத்து செய்வது. முதலில் ஓடிடியின் கணக்குப் பக்கத்தில் சந்தாவை ரத்து செய்வேன். கட்டிய காலம் முடியும் வரை நெட்ஃபிளிக்ஸ், பிரைம், ஹாட்ஸ்டார் மூன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அன்றைக்கே நின்றுவிடாது. அப்புறம் ஜிபேயோ போன்பேயோ, எதில் கட்டினேனோ அதன் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பேன், இருந்தால் அங்கேயும் ரத்து. ப்ளே ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் அங்கே சந்தாக்கள் பகுதியில் போய் நிறுத்த வேண்டும். செல்பேசியிலிருந்து செயலியை அழித்துவிட்டால் சந்தாவும் போய்விடும் என்று என் தங்கை ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். போகாது.

கார்டு வேண்டாம், யுபிஐ போதும் என்பது என் அபிப்பிராயம். வீட்டின் எல்லா ஓடிடியும் ஒரே ஆளின் ஒரே யுபிஐ செயலி வழியாகப் போனால் ஆட்டோபே பட்டியல் ஒரே திரையில் தெரியும். இரண்டு பேர் இரண்டு செயலியில் கட்ட ஆரம்பித்தால் மறுபடி பழைய கதைதான்.

திரும்பி வருவதும் கஷ்டமில்லை. நெட்ஃபிளிக்ஸில் ரத்து செய்த பிறகும் சில மாதம் வரை நாம் பார்த்தவற்றின் விவரத்தை வைத்திருப்பார்கள். அதற்குள் அதே கணக்கில் திரும்பிச் சேர்ந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டவுன்லோடு செய்து வைத்தவை மட்டும் கிடைக்காது.

இனி, எதைப் பார்ப்பது. இது தனிப் பிரச்சினை என்று முன்பு நினைத்தேன். மூன்று ஓடிடியும் கையில் இருந்த காலத்தில் முக்கால் மணி நேரம் தேடிவிட்டு, தோசை ஆறிப்போய், கடைசியில் ஏற்கெனவே பார்த்த பழைய காமெடிப் படத்தைப் போடுவோம். இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள். ஓடிடிக்கு ஒரு பத்தி. யாராவது எதைப் பற்றியாவது நல்லதாகச் சொன்னால் அந்தப் பத்தியில் எழுதுவது. ஒரு பத்தியில் ஐந்தாறு பெயர் சேர்ந்தால் அதன் மாதம் வந்துவிட்டது என்று அர்த்தம். டிவி முன்னால் தேடல் கிடையாது, தாளில் இருப்பதைப் போட வேண்டியதுதான். இரண்டு எபிசோடுக்குள் நாலில் மூன்று பேருக்குப் பிடிக்கவில்லை என்றால் அடித்துவிடுவோம். முப்பது நாள்தான் என்று தெரிந்தால் சுமாரான தொடரைப் பாவம் பார்த்து இழுத்துக்கொண்டு போக மனசு வராது.

எந்தப் படம் எந்த ஓடிடியில் என்று பார்க்க ஜஸ்ட்வாட்ச் போதும், இந்தியாவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் இங்கே கிடைப்பதைக் காட்டும். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் அடிக்கும்போதுதான் தகராறு; ஒன்றுக்கு இரண்டு விதமாக அடித்துப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸைக் கம்ப்யூட்டரில் திறந்தால் மொழிவாரியாகப் பார்க்கும் பக்கம் ஒன்று இருக்கிறது. மூலமொழி, டப்பிங், சப்டைட்டில் என்று பிரித்து, தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். மகனின் கொரியன் தொடர்கள் பாதி அங்கே கண்டுபிடித்தவை. டிவியில் முகப்பில் வரும் படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் அவர்கள் காட்ட நினைப்பதைத்தான் பார்ப்போம்.

இந்த முறை தோற்கும் இடங்களும் உண்டு. அத்தையின் சீரியல் முதலாவது. சன் டிவி சீரியல்கள் சன் நெக்ஸ்டில், விஜய் டிவி ஹாட்ஸ்டாரில், ஜீ தமிழ் ஜீ5இல். இதை மாற்றி மாற்றிக் கட்டினால் சீரியலில் யார் யாரை விஷம் வைத்துக் கொன்றார்கள் என்றே தெரியாது. அவருக்காகக் கேபிளை நிறுத்தவில்லை. மாதாமாதம் கேபிள்காரர் வீட்டுக்கு வந்து பணம் வாங்கிப் போகிறார். இந்த வீட்டில் ஆட்டோபே இல்லாத ஒரே சந்தா அதுதான், ஒரு மாதமும் தகராறு வந்ததில்லை.

பிக் பாஸ் பார்க்கிற வீடுகளுக்கும் வேறு கணக்கு. நூறு நாள் ஓடும் நிகழ்ச்சியை மறுநாள் பார்த்தால் யாரோடும் பேச முடியாது, ஹாட்ஸ்டாரின் மூன்று மாதத் திட்டம் முழுதாக அதற்கே போய்விடும், சில நாள் போதாமலும் இருக்கும். ஐபிஎல்லையும் அன்றன்றைக்கே பார்த்தாக வேண்டும்.

பிரைம் தனி ரகம். 299 வீதம் ஐந்து மாதம் 1495. ஆறாவது மாதம் கட்டினால் வருடச் சந்தாவைத் தாண்டிவிடும். அமேசானில் அடிக்கடி சாமான் வாங்கி டெலிவரி கட்டணம் மிச்சம் பிடிப்பவர் என்றால் வருடத்துக்கே கட்டுங்கள், அது நியாயமான செலவு. ஒரே ஒரு படம் வேண்டும் என்றால் பிரைமில் சில படங்களை வாடகைக்கும் எடுக்கலாம், அதற்குச் சந்தா தேவையில்லை. முப்பது நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்தால் பொதுவாக 48 மணி நேரத்தில் முடிக்க வேண்டும்.

கார்ட்டூன் ஓடினால்தான் சோறு இறங்கும் வயதில் குழந்தை இருக்கிற வீட்டில் இது எடுபடுமா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது, எங்கள் வீட்டில் அந்தக் கட்டம் ஓடிடி வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு விலையும் கிடைக்கும் படங்களும் வேறு, இந்தக் கூட்டல் கழித்தலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது நீல மாதம், 19ஆம் தேதியோடு முடிகிறது. தாளில் இன்னும் இரண்டு தொடர் அடிக்கப்படாமல் இருக்கிறது. சிவப்புப் பத்தியில் ஏழு பெயர் சேர்ந்துவிட்டது, அதில் நாலு மகனின் கையெழுத்து. பரீட்சை மாதத்தில் சிவப்பு வராது என்று தெரிந்தும் எழுதி வைத்திருக்கிறான்.